மூன்று பேணி ஓட்ஸும் எட்டு வெட்டுக்காரரும்

அன்றைக்கு எனக்கு ஒரேயொரு வேலைதான். எட்டுப் பேருக்குக் காலைச் சாப்பாடு கொடுக்க வேண்டும்.

அப்பாவுக்குக் கண்ணில் ஒப்பரேசன். அம்மா அவரைக் கூட்டிக்கொண்டு வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டா. சண்டைக் காலம், எங்கள் இடத்தை விட்டு வெளியே போகப் பாஸ் கிடைக்கிற நாளில்தான் போகலாம். நெல் முற்றுகிற நாளைப் பார்த்து ஆரும் பாஸ் தருவதில்லை. இரணைமடுத் தண்ணீரில் விளைந்த எங்கள் மூன்று ஏக்கரும் சரியாக அந்தக் கிழமைதான் தலைசாய்த்து நின்றது. வானமும் ஒரு பக்கத்தால் கறுத்துக்கொண்டு வந்தது.

போகும்போது அம்மா சொன்னா: "செல்லம்மாவும் ஆக்களுமா எட்டுப் பேர் ரெண்டு நாளைக்கு வருவினம். நெல்லு வெட்டுக்கு வாற சனத்துக்குக் காலமைச் சாப்பாடு வயல்காரர்தான் குடுக்கோணும். சாப்பாடு பிழைச்சுதெண்டா அடுத்த நாள் வேற வயலுக்குப் போயிடுவினம். பிறகு எங்கட நெல்லை மழைதான் வெட்டும். மா வறுத்து வச்சிருக்கிறன், புட்டை அவி. மீன் குழம்பு கிடக்கு, சூடாக்கு. வேற ஒண்டும் செய்யாதை."

கடைசி வசனத்தைத்தான் நான் வடிவாகக் கேட்டிருக்க வேண்டும்.

புட்டுக்கும் எனக்கும் சரிவராது. நான் குழைத்தால் ஒன்றில் மண்ணாங்கட்டி, இல்லாவிட்டால் மணல். விடிய எழும்பிக் குசினிக்குள் நின்று யோசித்தேன். அலுமாரிக்கு மேலே மூன்று தகரப் பேணி ஓட்ஸ் இருந்தது.

கொழும்பிலிருக்கிற அத்தை அப்பாவின் உடம்புக்கு நல்லதென்று கொடுத்துவிட்டது. அந்த நாளில் வவுனியாவைத் தாண்டி ஒரு டோர்ச் பற்றரி கொண்டுவர ஏலாது. ஓட்ஸை மட்டும் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் திறந்து மணந்து பார்த்துவிட்டு, கொண்டு போ என்றார்களாம். ஏன் விட்டார்கள் என்று அப்போதே நாங்கள் யோசித்திருக்க வேண்டும். அப்பா ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்தார். மூடினார். அவ்வளவுதான்.

பேணியில் ஆங்கிலத்தில் போட்டிருந்தது: வயிறு நிறையும், உடம்புக்கு நல்லது. வெட்டுக்காரருக்கு இதைவிட வேறென்ன வேணும்? அதோடு, மூன்று நிமிடத்தில் அவியும் என்றும் போட்டிருந்தது. அதை நான் நம்பவில்லை. எங்கள் அரிசியே முக்கால் மணித்தியாலம் எடுக்கும். மூன்று நிமிடத்தில் அவிகிற தானியம் உலகத்தில் இருக்கிறதா? அச்சடித்தவன் பிழை விட்டிருப்பான்.

முதல் பேணியைத் திறந்தேன். தட்டைத் தட்டையாக, லேசாக, உமி நிறத்தில் ஒரு சாமான். அட, இதைப் புடைக்கவே இல்லை. கொழும்புக் கடைக்காரருக்குப் புடைக்கத் தெரியாதுபோல.

எடுத்தேன் சுளகை.

முற்றத்துக்குப் போய், அம்மா நெல்லுப் புடைக்கிற மாதிரியே ஒரு எத்து எத்தினேன். பாதி பறந்தது. எவ்வளவு உமி என்று அதிசயப்பட்டேன். இரண்டாம் எத்தில் மிச்சத்தில் முக்கால்வாசி போனது. மூன்றாம் எத்து முடியச் சுளகுக்குள் ஒரு சிறங்கைகூட இல்லை. முற்றம் முழுக்க வெள்ளைப் பூப் போட்ட மாதிரி.

கோழிகள் ஓடிவந்தன. அன்றைக்குப் பேணியில் போட்டிருந்தபடி காலைச் சாப்பாடு சாப்பிட்டது எங்கள் வீட்டுக் கோழிகள் மட்டும்தான்.

அப்போதுதான் விளங்கியது, பறந்தது உமி இல்லை, அதுதான் சாமானே என்று.

சரி, இன்னும் இரண்டு பேணி இருக்கிறது. இதைப் புடைக்கக்கூடாது. ஆனால் கழுவாமல் ஆர் சமைப்பார்கள்? அரிசிக்குக் கல் அரிக்கிற சட்டியில் போட்டு, தண்ணீர் விட்டு, மூன்று தரம் அலசினேன். தண்ணீர் பால் மாதிரிப் போனது. தெளியத் தெளியக் கழுவு என்று அம்மா சொல்லுவா. தெளியவே இல்லை. கை வழுக்கத் தொடங்கியதும் விட்டுவிட்டேன்.

பெரிய பானையில் உலை வைத்து, உப்புப் போட்டு, ஓட்ஸையும் கொட்டி, நல்ல பாலை விறகாக நாலைத் தள்ளிவிட்டேன். முக்கால் மணித்தியாலம்.

இருபது நிமிடத்தில் பானை கதைக்கத் தொடங்கியது. புளுக், புளுக். அகப்பையை விட்டுக் கிண்டினேன், கிண்ட விடவில்லை. இன்னும் தண்ணீர் விட்டேன். அதையும் குடித்துவிட்டது. கடைசியில் சோறு வடிக்கிற மாதிரி மூடியைப் பிடித்துப் பானையைச் சரித்தேன். ஒரு சொட்டும் வரவில்லை. இன்னும் சரித்தேன். பானையைத் தலைகீழாகவே பிடித்தேன். உள்ளே இருந்தது என்னைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தது.

வாசல் படலையடியில் சத்தம் கேட்டது. "தம்பீ, வந்துட்டோம்."

செல்லம்மாக்கா. மலையகத்திலிருந்து வந்து ஜெயபுரத்தில் குடியேறின ஆள். ஒவ்வொரு வெட்டுக்கும் தன்ரை ஆட்களோடு இங்கே வந்து, வாய்க்கால் கரையில் கொட்டில் போட்டுத் தங்குவா. எங்கள் பக்கத்தில் அவவின் கத்திக்குத்தான் முதல் மரியாதை. எட்டுப் பேரும் கை கழுவிவிட்டு வரிசையாக இருந்தார்கள்.

சாப்பாட்டுக் கோப்பைகளை வைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டி வைத்தேன். மேலே மீன் குழம்பு விட்டேன். குழம்பு உள்ளே இறங்கவில்லை. மலையில் மழைத்தண்ணீர் ஓடுகிற மாதிரிப் பக்கத்தால் வழிந்தது.

ஒருவரும் கை வைக்கவில்லை.

முருகேசண்ணைதான் அந்தக் கூட்டத்தில் வாய்க்காரர். விரலால் தொட்டார். விரலை இழுத்தார். கோப்பையும் கூட வந்தது.

"பசை நல்லாத்தான் காய்ச்சியிருக்கீங்க தம்பி. நோட்டீஸ் எங்க ஒட்டணும்?"

நான் மெல்லிய குரலில் சொன்னேன்: "இது ஓட்ஸ் அண்ணை. உடம்புக்கு நல்லதாம். வெளிநாட்டிலை எல்லாரும் காலமை இதுதானாம். கொழுப்பைக் குறைக்குமாம்."

செல்லம்மாக்கா தன்ரை ஆட்களை ஒரு தரம் பார்த்தா. எட்டுப் பேரிலும் சேர்த்து ஒரு கிலோ கொழுப்புத் தேறாது.

"எங்ககிட்ட எங்க தம்பி இருக்கு, கொறைக்கிறதுக்கு?"

அந்த நேரம் பார்த்து வேலியால் ஒரு தலை எட்டிப் பார்த்தது. பக்கத்து வயல் சிவக்கொழுந்து மாமா. அவரின் நெல்லும் முற்றித்தான் நின்றது, அவரும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாளாகச் செல்லம்மாக்காவைத் தன் வயலுக்குக் கேட்டபடி.

"என்ன செல்லம்மா, இஞ்ச இன்னும் சாப்பாடு ஆகேல்லையோ? எங்கட வீட்டிலை இடியப்பமும் சொதியும் அவிச்சுக் கிடக்கு. சும்மா சொல்லுறன்."

சும்மா சொல்லுகிற முகம் இல்லை அது. இரண்டு பேர் எழும்பக் காலை மடக்கினார்கள். எனக்கு மூன்று ஏக்கரும் கண்ணுக்கு முன்னால் நனைகிற மாதிரி இருந்தது.

செல்லம்மாக்கா எழும்பினா. வேலிப்பக்கம் போவா என்று நினைத்தேன். குசினிப்பக்கம் போனா.

"கத்திய எறக்கி வச்ச எடத்துல அன்னைக்கு வேலை முடியாம நாங்க போறதில்லீங்க," என்று வேலியைப் பார்த்துச் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினா. "மா இருக்கா தம்பி?"

"புட்டுக்கு வறுத்த மா இருக்கக்கா."

"மாவு இருந்துச்சா? அப்பறம் ஏன்…" என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டா. "தேங்கா திருவுங்க. வெங்காயம், பச்ச மொளகா வெட்டுங்க. அதாச்சும் வெட்டத் தெரியுமில்ல?"

எல்லாக் கோப்பையிலும் இருந்த கட்டிகளைக் குழம்பு படாத பக்கமாக அரிந்து திரும்பப் பானைக்குள் போட்டா. மாவைக் கொட்டிப் பிசைந்தா. தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய். பிறகு தோசைக்கல்லில் கையளவு தடிப்பில் ரொட்டியாகத் தட்டினா. நான் ஊதினேன். அடுப்பைத்தான், என்னிடம் நம்பித் தரக்கூடிய வேலை அது ஒன்றுதான்.

எட்டுப் பேரும் மீன் குழம்போடு ஆளுக்கு இரண்டு ரொட்டி சாப்பிட்டார்கள். முருகேசண்ணை இரண்டாவதை முடித்துவிட்டு எழும்பப் பார்த்தார். எழும்ப முடியவில்லை. பக்கத்திலிருந்தவர் கை கொடுத்தார்.

வயலில் இறங்கும்போது எட்டு மணிக்கு மேலாகிவிட்டது. வழமையாக ஆறரைக்கு இறங்கிவிடுவார்கள்.

பத்து மணிக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். "தேத்தண்ணி போதும், கடிக்க வேணாம்," என்றார்கள். மத்தியானம் கேட்டேன், பசிக்குதோ என்று. முருகேசண்ணை நிமிர்ந்து வயிற்றைத் தடவினார்.

"இன்னும் காலைலதே அப்படியே உக்காந்திருக்கு தம்பி. எனக்குப் பயமா இருக்கு."

பேணியில் போட்டிருந்தது பொய்யில்லை. வயிறு நிறையும் என்றார்கள், நிறைந்தது. எப்போது குறையும் என்று போடவில்லை.

பின்நேரம் பார்த்தால் வயலில் பாதிதான் விழுந்திருந்தது. மிச்சப் பாதி நின்றது. வானம் இன்னும் கிட்ட வந்திருந்தது. சிவக்கொழுந்து மாமா வரம்பில் நின்று, வெட்டிக் களைத்து வந்த ஆட்களுக்கு வெற்றிலைத் தட்டம் நீட்டிக்கொண்டிருந்தார். அப்படி வெற்றிலை கொடுக்கிற ஆளில்லை அவர்.

நான் செல்லம்மாக்காவுக்குப் பின்னாலேயே போனேன்.

"அக்கா, நாளைக்கும் வருவியள்தானே? நாளைக்குப் புட்டு அவிப்பன்."

"அவிப்பீங்களா?" என்று மட்டும் கேட்டா. கத்தியைச் சாக்கில் சுற்றினா. ஆட்களைப் பார்த்தா. ஆட்கள் முருகேசண்ணையைப் பார்த்தார்கள். முருகேசண்ணை தன் வயிற்றைப் பார்த்தார்.

"பாப்பம் தம்பி," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா.

அடுத்த நாள் கோழி கூவ முதலே எழும்பினேன். மாவைக் குழைத்தேன். மண்ணாங்கட்டிதான் வந்தது. உடைத்துப் பார்த்தேன், மணலாகியது. ஆறு மணிக்குப் படலையடியில் போய் நின்றேன். ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. சிவக்கொழுந்து மாமா வீட்டில் இடியப்பம் அவிகிற வாசம் வேலிக்கு மேலால் வந்தது.

ஆறேகாலுக்கு ஒழுங்கை முடக்கில் செல்லம்மாக்காவின் தலைத்துண்டு தெரிந்தது. பின்னால் முருகேசண்ணை. பிறகு மற்றவர்கள். மாமாவின் படலையைத் தாண்டி எங்கள் படலைக்கு வந்தார்கள். எண்ணினேன். எட்டுப் பேரும் வந்திருந்தார்கள்.

"தம்பி செரமப்படக்கூடாதுன்னு கொட்டில்லயே ஆக்கிக் கட்டிட்டு வந்துட்டோம்," என்றா செல்லம்மாக்கா. "நீங்க தேத்தண்ணி மட்டும் வைங்க. அதுக்கும் முருகேசு கூட நிப்பான்."

வாழையிலைப் பொதிகளை வாங்கி வாங்கி வரிசையாக அடுக்கினேன். ஒன்பது இருந்தது. ஒன்பதாவது எனக்கு.