தட்டியைக் கழற்றிய கொத்தனார்

பிள்ளைகள் கேட்ட எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமலே வாத்தியாரான ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, எங்கள் கொத்தனார்தான். சந்தேகமிருந்தால் அவனிடமே கேட்டுப் பாருங்கள். ‘நீங்க என்ன நினைக்கிய?’ என்பான்.

கரண்டியும் தூக்குக்குண்டும் பிடித்த கொத்தனார் அல்ல. இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் மார்த்தாண்டம் பக்கத்து பி.எட். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன். எனக்கு முந்தின வருடமே சேர்ந்தவன். எம்.ஏ.வில் நாடுகளுக்கு இடையிலான உறவுகளைக் கரைத்துக் குடித்திருந்தான். அங்கே படித்த கன்ஸ்ட்ரக்டிவிசம் என்கிற கொள்கை இங்கே கல்வி உளவியல் பாடத்திலும் வந்தபோது, திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த தம்பியைக் கண்டவன்போல வகுப்பிலேயே எழுந்து நின்றுவிட்டானாம். “லேய், அதே சாதனமாக்கும்! பிள்ளையளுக்க அறிவும் சரி, நாடுகளுக்க பகையும் சரி, ஆகாசத்துலேருந்து விழுகது இல்ல. அவனவன் கட்டுகது!” அன்று தொடங்கி, பல் தேய்க்கும்போதும் ‘கட்டணும் மக்கா, கட்டணும்’தான். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அதோடு வழக்கொழிந்தது.

நான் தோவாளைக்காரன். மேற்கே திக்கு தெரியாது. வந்த புதிதில், குழித்துறை ரயில் நிலையத்துக்கு எந்த பஸ் என்று இவனிடம் போய்க் கேட்டேன்.

“நீ என்ன நினைக்க?”

“தெரியாமத்தானடே கேக்கேன்.”

“தெரிஞ்சத வச்சிக் கட்டு மக்கா.”

கட்டினேன். கேரளாவில் போய் இறங்கினேன். ரயிலையும் விட்டு, வியர்த்து வழிந்து திரும்பி வந்தபோது என் கையைப் பிடித்துக் குலுக்கினான். “இனி மறப்பியா? நான் சொல்லியிருந்தா அது எனக்க வழி. இப்ப இது ஒனக்க வழியாக்கும்.” அவன் பிடித்துக் குலுக்கியது நான் அடிக்க ஓங்கிய கை.

விடுதி வார்டனோடு எங்களுக்குத் தீராத போர். கொத்தனார் மட்டும் சேரவில்லை. “நாம எதிரி எதிரிண்ணு நடந்து நடந்துதான் அந்த மனுசன் எதிரியாவுகாரு. ஒருக்கா கூட்டாளிண்ணு வச்சி நடந்து பாப்பமே” என்று தினமும் காலையில் அவருக்குத் தேநீர் கொண்டுபோனான். முதல் நாள் வார்டன் அதைச் செடிக்கு ஊற்றினார். சில நாளில் குடித்தார். பிறகு தானே எங்கள் அறைக்கு வந்து கட்டிலில் சம்மணமிட்டு, தன் சர்க்கரை வியாதியின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார். எதிரியாக இருந்த காலத்தில் அந்த மனிதர் இவ்வளவு தொந்தரவு கொடுத்ததே இல்லை.

சிரிப்பெல்லாம் சரி, கொத்தனாருக்குத் தலைக்குமேல் ஒரு கத்தி தொங்கியது. முந்தின வருடச் செய்முறைத் தேர்வில், ‘ஆசிரியர் கற்பிக்கவே இல்லை’ என்று தேர்வாளர் அவனைத் தோற்கடித்திருந்தார். இந்த முறையும் தோற்றால் சவுதியில் தம்மாம்தான். அக்காவின் கணவர் விசாவோடு காத்திருந்தார். ஒரு கடையில் கல்லாவில் உட்கார வேண்டும். “அங்க வாறவன் போறவனுக்கெல்லாம் வெல சொல்லணுமே மக்கா” என்று அவன் கலங்கியதைப் பார்த்து எனக்கே சோறு இறங்கவில்லை.

பயிற்சிக்கு எங்களை அனுப்பிய பள்ளி அருமனைப் பக்கம். நீளமான கூடம், நடுவே ஒரு மூங்கில் தட்டி. தட்டிக்கு இந்தப் பக்கம் எட்டு ‘அ’, கொத்தனாரின் சமூக அறிவியல். அந்தப் பக்கம் எட்டு ‘ஆ’, என் கணக்கு. இரண்டு வகுப்புக்கும் ஆகாது. ஆசிரியர் முகம் திருப்பினால் போதும், தட்டிக்கு மேலாக ரப்பர் மரத்துக் காய்கள் இருதிசையிலும் பறக்கும்.

தேர்வு வகுப்பு என்றால் ஒத்திகை பார்ப்பது பயிற்சி ஆசிரியர்களின் குலவழக்கம். கேள்வி கேட்டதும் எல்லோரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்களுக்கு வலது கை, தெரியாதவர்களுக்கு இடது கை. வலது கைகளை மட்டும் எழுப்பினால் தேர்வாளர் சொக்கிப்போவார். நான் ஒரு வாரம் பழக்கினேன்.

“நீயும் ஒருக்கா ஒத்திகை பாருடே. தம்மாம் வெயிலு ஒனக்குத் தாங்காது.”

“முன்னாலேயே கட்டி வச்ச வீட்டுக்குக் கொத்தனாரு எதுக்குடே?” என்றுவிட்டான்.

தேர்வன்று, தேர்வாளர் எங்கள் இருவரையும் ஒரே நேரத்தில் பார்க்கும்படி தட்டியின் ஓரமாக நாற்காலி போட்டு அமர்ந்தார். கொத்தனாரின் பாடம் உலக அமைதி. ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“ஒங்களுக்க எதிரி ஆரு?”

“எட்டு ஆ!” என்று கூரை அதிர்ந்தது. என் பக்கத்திலிருந்து பதிலுக்கு ஓர் ஊளை. என் முக்கோணம் பலகையில் அநாதையாக நின்றது.

“எதுக்காக்கும்?”

“அவனுவ காய் எறியுகானுவ சார்!”

“நீங்கல்லாடே மொதல்ல எறிஞ்சிய!” என்றது தட்டி.

கொத்தனார் நிதானமாகத் தட்டியின் கயிற்றை அவிழ்த்து, அதைச் சுவரில் சாய்த்தான். “நேருக்கு நேரு கேளுங்க” என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். நான் அவசரமாக என் வகுப்பைக் காப்பாற்ற முக்கோணக் கேள்வியைக் கேட்டேன். என் பிள்ளைகள் அத்தனை பேரும் கை தூக்கினார்கள். எதிரி வகுப்புப் பையன் ஒருவன் வாய் பிளந்தான்.

“நீ எதுக்குடே எடது கையத் தூக்குக?”

“பதிலு தெரியாத்தவங்க எடது கையாக்கும் தூக்கணும்!” என்றான் என் மாணவன், பெருமையாக.

தேர்வாளரின் பேனா நின்றது. நான் சுண்ணக்கட்டியைத் தேடுவதுபோல மேசைக்குக் கீழே போனேன்.

மேலே விசாரணை நடந்துகொண்டிருந்தது. காய் எறியச் சொல்லித் தந்தது போன வருடத்து அண்ணன்கள். அவர்களுக்குச் சொல்லித் தந்தது அதற்கு முந்தின அண்ணன்கள். முதலில் எறிந்தவன் யார், எதற்காக எறிந்தான் என்று இரண்டு பக்கமும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. எட்டு ‘அ’வில் ஒரு சிறுமி மெல்ல எழுந்தாள்.

“அப்ப இந்தச் சண்டை நமக்க சண்டையே இல்லியா? நாம கண்ணால பாக்காத்த ஒண்ணையா இவ்வளவு நாளும் போட்டோம்?”

ஒருவன் தன் பையில் சேர்த்து வைத்திருந்த காய்களை எடுத்து ஜன்னல் வழியே கொட்டினான். மற்றவர்களும் கொட்டினார்கள். ஒரு குடும்பத்துக்குத் தோட்டம் போடலாம், அவ்வளவு காய்.

தேர்வாளர் அந்தச் சிறுமியை அழைத்தார். “இன்னைக்கு உங்க சார் என்ன சொல்லிக்கொடுத்தார்?”

“சார் ஒண்ணும் சொல்லித் தரல்ல. நாங்களே கண்டுபிடிச்சோம்.”

எனக்குக் காதில் தம்மாம் விமானச் சத்தமே கேட்டுவிட்டது. கொத்தனாரைப் பார்த்தேன். முகம், முதல் நற்கருணை வாங்கிய குழந்தையின் முகமாக இருந்தது.

“ஏன் சார், நிஜமாவே நீங்க எதுவும் கற்பிக்கலையா?” என்றார் தேர்வாளர்.

“இல்ல சார்,” என்றான். அவன் நேராகப் பதில் சொல்லி நான் கேட்டது அன்றுதான். அதற்கா இந்த நேரம்?

தேர்வாளர் பிள்ளைகளிடம் திரும்பி, “தட்டியத் திரும்பக் கட்டிரலாமா?” என்று கேட்டார்.

“வேண்டாம் சார்!” இரண்டு வகுப்பும் ஒரே குரலில் கத்தியது அந்தப் பள்ளியில் அதற்குமுன் நடந்திருக்காது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மதிப்பெண் போட்டார். கொத்தனார் தேறினான். நானும் தேறினேன், ஏனென்று தெரியவில்லை, இடது கைகளின் ஒழுங்குக்காக இருக்கலாம்.

கொத்தனார் இப்போது அருமனையில் ஒரு பள்ளியில் இருக்கிறான். சென்ற வருடம் என் மகள் ஆறாம் வகுப்புக்கு வந்ததும், வேலைக்காக எடுத்திருந்த மார்த்தாண்டத்து வீட்டைக் காலி செய்து அருமனைக்குக் குடிவந்தோம். மார்த்தாண்டம் சந்திப்பின் வண்டி நெரிசல் தாங்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். மகளுக்கு அவன் வகுப்பில், முதல் பெஞ்சில் இடம் கிடைத்திருக்கிறது.