எமரிட்டஸ் என்றால் பெரிய டாக்டரா?

ஓய்வு பெற்றவனுக்குப் பட்டம் கொடுக்கக் கூடாது. கொடுத்தாலும் அதை அச்சடிக்க விடக் கூடாது. சிவகாசி பக்கத்திலேயே இருந்ததால் என்னை யாராலும் தடுக்க முடியவில்லை.

விருதுநகரில் ஒரு கல்லூரியில் முப்பது வருஷம் வேதியியல் நடத்தினேன். வழியனுப்பு விழாவில் என்னை ‘எமரிட்டஸ் பேராசிரியர்’ என்று அறிவித்தார்கள். தமிழில் தகைசால் பேராசிரியர். அதாவது சம்பளம் கிடையாது, வகுப்பு கிடையாது, உட்கார நாற்காலியும் கிடையாது; பட்டத்தை மட்டும் போட்டுக்கொள்ளலாம். (போட்டுக்கொண்டேன். மறுவாரமே தங்க எழுத்தில் கார்டு.) பெயருக்கு முன்னால் டாக்டர், பின்னால் எமரிட்டஸ். வேதியியல் என்று போட இடம் இல்லை.

அந்தச் சமயத்தில் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வெடிவிபத்து. என்னிடம் வேதியியல் படித்து அங்கே போர்மேனான கருப்பசாமி, உடம்பெல்லாம் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். பார்க்க ஓடினேன். தீக்காய வார்டுக்குள் யாரையும் விடவில்லை. கார்டை நீட்டினேன். வாட்ச்மேன் ‘டாக்டர்’ வரை வாசித்துவிட்டு சல்யூட் அடித்தார். நான் அந்த டாக்டர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். (சல்யூட் வாங்கி ரொம்ப நாளாகியிருந்தது.)

வாசலில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி செல்வி அதைப் பார்த்தாள். என்னை முன்பின் தெரியாதவள், காலைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்காக. பிழைச்சிருவாகளா?”

நான் எமரிட்டஸ் என்று ஆரம்பித்தேன். அப்படின்னா பெரிய டாக்டரா என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்து விளக்கம் சொல்ல வாய் வரவில்லை. “நல்லாயிரும்மா” என்றேன்.

அப்போது நர்ஸ் வந்து, ஒரே ஒரு ஆள் உள்ளே வந்து பார்க்கலாம் என்றார். தான் அழுவதைக் கண்டால் புருஷன் பயந்துவிடுவார், குணமானதும் பார்த்துக்கொள்கிறேன் என்று செல்வி கூட வந்திருந்த கொழுந்தனை அனுப்பினாள்.

அரைமணி நேரத்தில் இளம் டாக்டர் ஒருவர் வெளியே வந்து, உயிர் போய்விட்டது என்றார். செல்வி நம்பவில்லை. பெரிய டாக்டர் இப்போதுதான் நல்லாயிரும் என்றார் என்று என்னைக் காட்டினாள். அந்த இளம் டாக்டர் மரியாதையாகத்தான் கேட்டார்.

“சார் எந்த டிபார்ட்மென்ட்?”

“கெமிஸ்ட்ரி.”

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் மன்னிப்புக் கேட்க அவள் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லி, டீ கொடுத்து, நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள்.

“வாத்தியார்னு அங்கனயே சொல்லியிருந்தா, நான் உள்ள போயி ஒருதடவ பாத்திருப்பேன்ல ஐயா.”

எங்கள் வீட்டில் இன்றும் யாராவது தும்மினால், பெரிய டாக்டரிடம் காட்டச் சொல்வாள் என் மனைவி. எந்த டிபார்ட்மென்ட் என்பாள் மகள். “கெமிஸ்ட்ரி” என்று எல்லோரும் சேர்ந்து சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டில் நான் சொன்னது அதுவரைதான். செல்வி சொன்னதை இன்னும் சொல்லவில்லை.