எல்லாம் ஒரே கன்வெர்ஷன்தான் மாப்ளே!

இது சத்தியமாக நடந்த கதை. ஒரு சொல் கூடக் கூட்டவில்லை. சரி, ஒன்றிரண்டு கூட்டியிருப்பேன். நான் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவன். ஒரு பூச்சோடு நிறுத்தினால் எனக்குக் கை அரிக்கும். ஆனால் அடியில் இருக்கிற சுவர் நிஜம்.

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. ஒரே ஒரு வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளும். அப்புறம் அதே பேரில் உலகத்தில் எத்தனை வேலை இருக்கிறதோ, அத்தனைக்கும் தன்னைத் தானே மேஸ்திரியாக நியமித்துக்கொள்ளும். நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டிலேயே ஒன்று சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும்.

எங்கள் வீட்டில் இருப்பவர் என் அக்காவின் புருஷன். பெட்ரோல் வண்டியைக் கேஸ் வண்டியாக மாற்றுகிற மெக்கானிக். அந்த வேலைக்குப் பேர் கன்வெர்ஷன். அதில் அத்தானை அடிக்க ஆள் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். சிலிண்டரைப் பொருத்தி, குழாயை முடுக்கி, மூட்டுக்கு மூட்டு சோப்புத் தண்ணீர் தடவி, நுரை பொங்குகிறதா என்று கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்ப்பார். அத்தோடு நின்றிருந்தால் அவர் தெய்வம். நின்றாரா?

பிள்ளைகளின் மருந்தை டாக்டர் டீஸ்பூனில் சொன்னால், "மில்லியில சொல்லுங்க டாக்டர், நாமளும் கன்வெர்ஷன் லைன்தான்" என்பார். கம்ப்யூட்டர் கடையில் போட்டோவை வேறு ஃபைலாக மாற்றித் தருகிற பெண்ணிடம், "மெதுவா ஏத்தும்மா, பிரஷர் தாங்காது" என்பார். செருப்புக்கடை முதலாளி ஒருநாள் தெரியாத்தனமாகப் புலம்பிவிட்டார்: "கடைக்குள்ள நூறு பேர் வர்றாங்க, பத்துப் பேர்தான் வாங்குறாங்க. கன்வெர்ஷன் சரியில்லைங்க." அத்தான் காதில் அந்தச் சொல் விழுந்தது. அவ்வளவுதான். "எங்கேயோ லீக் இருக்கு" என்று சொல்லி வாசற்படி முழுக்க சோப்புத் தண்ணீரைத் தடவினார். அன்றைக்கு நாற்பது பேர் வழுக்கி விழுந்தார்கள். எழுந்திருக்கிற சாக்கில் பன்னிரண்டு பேர் செருப்பு வாங்கினார்கள். "பார்த்தியா? கூடிடுச்சு!" என்றார் அத்தான்.

மனம் மாறச் சொல்லி வீடு வீடாகப் போகிற பிரசங்கி ஒருவர் ஒருநாள் கதவைத் தட்டினார். "வாங்க வாங்க, நம்மாளு!" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார் அத்தான். மூன்று மணி நேரம். உள்ளே யார் யாருக்குப் போதித்தார்கள் என்று தெரியாது. பிரசங்கி வெளியே வந்தபோது மனசு மாறியிருந்தது அத்தானுக்கு இல்லை, பிரசங்கியுடைய காருக்கு. அது இன்றைக்கும் கேஸில்தான் ஓடுகிறது.

"எல்லாம் ஒண்ணுதான் மாப்ளே! ஒண்ணை இன்னொண்ணா ஆக்கணும். இதுல என்ன பெரிய படிப்பு?" இது அவர் நாளைக்கு நாற்பது தடவை சொல்கிற வசனம்.

இப்போது என் அக்காவிடம் வருகிறேன். தையல்காரி. பழைய துணியை வாங்கிப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து முதல் ஆர்டர் வந்தது. பன்னிரண்டு ஜன்னலுக்குத் திரை. வெள்ளிக்கிழமை கொடுத்துவிட வேண்டும். பெரிய நர்ஸம்மாவுக்குப் பிடித்துப்போனால் மூன்று மாடிக்கும் இனி அக்காதான். பிடிக்காவிட்டால் பழையபடி கால்சட்டைக்கு ஒட்டுப் போட வேண்டியதுதான். அக்கா இரண்டு நாளாகச் சோற்றில் உப்புப் போட மறந்தாள்.

துணி இருபது மீட்டர் வந்தது. உயரம் 150 என்று சீட்டில் எழுதி மேசையில் வைத்துவிட்டு, நூல் வாங்கக் கடைக்குப் போனாள். அந்த 150 சென்டிமீட்டர். ஆஸ்பத்திரியில் நின்று அளந்தது, மடிப்புக்கும் சேர்த்து. ஆனால் சீட்டில் வெறும் 150.

அத்தான் சீட்டைப் பார்த்தார். தையல்காரி என்றால் இஞ்ச்தானே? டேப்பில் சென்டிமீட்டர் பக்கம்தானே மேலே இருக்கிறது? மாற்ற வேண்டுமே! இரண்டரையால் பெருக்கினார். 375. கத்திரியை எடுத்தார்.

அக்கா திரும்பி வந்தபோது ஐந்து துண்டு தரையில் கிடந்தது. அத்தானைக் காணோம்.

"துணிக்கடைக்கு சண்டைக்குப் போயிருக்கார்க்கா," என்றேன். "பன்னெண்டுக்குக் கொடுக்காம அஞ்சுக்குக் கொடுத்து ஏமாத்திட்டானாம்."

அக்கா ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்தாள். நாற்காலி மேல் ஏறினாள். அப்போதும் பாதித் துணி தரையில்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து அத்தான் உள்ளே வந்தார்.

"ஏங்க, ஜன்னல் பன்னெண்டடி இருக்குமா?"

"ஆஸ்பத்திரின்னா காத்து வேணாமா?"

"இருக்குற பன்னெண்டும் ஒட்டகச்சிவிங்கி வார்டாங்க?"

அத்தான் சீட்டைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார். அவர் முகத்தில் நுரை பொங்கியது. ஆனால் இந்த இனம் தோற்கிற இனமா? "இதையும் மாத்திடலாம்," என்று கத்திரிப் பக்கம் கையை நீட்டினார்.

"தொட்டீங்க, உங்களை மாத்திடுவேன்!" என்றாள் அக்கா.

கத்திரியை வாங்கினாள். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு திரை வெட்டினாள், பத்து ஆச்சு. துண்டுக்கு 75 மிச்சம் விழுந்தது. அந்த மிச்சத்தை இரண்டு இரண்டாகச் சேர்த்துத் தைத்தாள், இன்னும் இரண்டு. மொத்தம் பன்னிரண்டு. ஆனால் அந்த இரண்டுக்கும் நட்ட நடுவில் ஒரு மூட்டு. அதை மறைக்க மேலே நீலப் பட்டி வைத்துத் தைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போனாள். திரைக் கம்பி தூக்க நானும் போனேன். கூப்பிடாமலே அத்தானும் வந்தார்.

நர்ஸம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து பட்டி வைத்த திரையில் நின்றார். அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். அந்த நகத் தடம் இன்னும் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன்.

"இது என்ன நடுவுல?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் அத்தான், "கன்வெர்ஷன் மாடல், மேடம்" என்றார்.

"நல்லாருக்கே! அப்புறம் ஏன் ரெண்டுக்கு மட்டும் வச்சீங்க? மூணு மாடிக்கும் இதே மாதிரி வேணும்."

ஆர்டர் கிடைத்தது. என்ன, இனி ஒவ்வொரு திரையையும் நன்றாக இருக்கும்போதே நடுவில் வெட்டி, அப்புறம் ஒட்ட வேண்டும். அக்கா வெட்டுகிறாள், ஒட்டுகிறாள். அத்தான் பக்கத்தில் நின்று, "ஐடியா யாருது?" என்று கேட்கிறார்.

இதை நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில், பெயின்ட் வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, டைல்ஸ்காரருக்கும் பிளம்பர் அண்ணனுக்கும் சொன்னேன்.

"தைச்சது உங்கக்கா. பேரு அந்தாளுக்கா?" என்று பொங்கினார் டைல்ஸ்காரர்.

"அவர் தப்பா வெட்டலைன்னா அந்த மாடல் எப்படிய்யா வரும்?" என்றார் பிளம்பர் அண்ணன். "அதுவுமில்லாம, இஞ்சைச் சென்டியாக்கிறது என் தினப்படி வேலை. குழாய்க்காரன் நான் சொல்றேன், அவர் செஞ்சது சரி."

"குழாய் தெரிஞ்சா துணி தெரிஞ்சிடுமா?"

"அளவுன்னா எல்லாம் ஒண்ணுதானய்யா!"

"யோவ், நீயும் அந்த இனமா?"

"யாரைப் பார்த்து இனங்கிறே? போன மாசம் தரைக்கு டைல்ஸ் போட வந்துட்டு, அந்த வீட்டம்மாவுக்கு இட்லிமாவு பதம் சொன்னது யாரு?"

"ரெண்டும் கலவைதானேய்யா!"

ஒரு வாளி உருண்டது. அடுத்து ஒரு கரண்டி பறந்தது. நான் ஏணி மேல் ஏறிக்கொண்டேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அத்தான் இரண்டரையால் பெருக்கினார் என்றேனே, அப்போது 'இரண்டரை இல்லை, அதுக்கு மேலே கொஞ்சம் வரும்' என்று மனசுக்குள்ளே திருத்தினீர்கள், பார்த்தேன். நீங்களும் வந்து உட்காருங்கள். இன்னொரு வாளி காலியாகத்தான் இருக்கிறது.