பின் சீட்டுப் பாரம்

ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது "மெதுவாப் போங்க" என்று யாரும் சொல்லாமல் வண்டி ஓட்ட வேண்டும். சாவிக்காரர் வாழ்க்கையில் எடுத்த பெரிய தீர்மானம் அது. சாவி வெட்டும் கடை வைத்திருந்ததால் எல்லோருக்கும் அவர் சாவிக்காரர். யார் வீட்டுப் பூட்டையும் திறந்துவிடுவார். தன் வாயைப் பூட்டத்தான் தெரியாது.

அந்தத் தீர்மானத்துக்காகப் பழைய ஜீப்பை நாலு விரற்கடை உயர்த்தினார். கூட்டாளிகளை ஏற்றிக்கொண்டு கல்லும் பள்ளமுமான மலைப்பாதையில் போவதாகத் திட்டம். உயர்ந்த ஜீப்பு வாசலில் நின்றபோது கண் நிறைந்தது. ஓட்டினால்தான் பின்னால் 'டொக், டொக்'.

மெக்கானிக் குனிந்து பார்த்தார். வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கப் பின்னால் குறுக்கே ஒரு கம்பி ஓடுகிறது, ஸ்வே பார் என்று. அதன் இரண்டு முனையையும் பிடித்திருக்கும் லிங்க்குகள் வண்டி உயர்ந்ததும் எட்டாமல் போய்விட்டன. கம்பி கோணிக்கொண்டு நிற்கிறது. திருகி நீட்டக்கூடிய புது லிங்க் இரண்டை எடுத்துக் கொடுத்தார்.

"ஜாக்கில தூக்கி வெச்சு முடுக்காதீங்க. நாலு சக்கரமும் சமதரையில நிக்கணும். கம்பி படுக்கையா வர்ற வரைக்கும் ரெண்டு பக்கமும் ஒரே அளவு நீட்டுங்க, நட்டை இறுக்குங்க. அவ்வளவுதான்."

சனிக்கிழமை சாயங்காலம். சாவிக்காரர் லிங்க்கை மாட்டிவிட்டு, முடுக்குவதற்காக ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். ஒரு ஜோடிச் செருப்பு வந்து தலைமாட்டில் நின்றது. வீட்டுக்காரி.

"என்னங்க, நாளைக்குக் காலையில அம்மாவைக் கூட்டிட்டு வந்துடலாம். முழங்கால் வீங்கியிருக்காம். ஒரு செம்புத் தண்ணிக்குச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறாங்க."

அடியில் கிடந்தவருக்கு மலை மொத்தமாகச் சரிந்து மேலே விழுந்தது. அத்தை மேல் அவருக்கு வெறுப்பு இல்லை. ஆனால் ஞாயிறு போனால் போனதுதான். அடுத்த ஞாயிறு கூட்டாளிகள் ஆளுக்கொரு கல்யாணத்துக்குப் போய்விடுவார்கள்.

"வண்டி இன்னும் தயாராகலையேம்மா."

"இன்னும் என்னவாம்?"

அங்கேதான் நுணல் வாயைத் திறந்தது. மெக்கானிக் சொன்ன உண்மைக்குத் தன் கையால் ஒரு வாலை ஒட்டினார்.

"இதைச் சும்மா முடுக்க முடியாது. பின் சீட்டுல ஆள் உக்காரணும். எந்தப் பாரத்துக்கு முடுக்குறோமோ, அந்தப் பாரத்தோடதான் கடைசிவரைக்கும் ஓட்டணும். நாளைக்குக் கூட்டாளிங்க ஏறினதும் முடுக்கிக்கறேன். அதுவரைக்கும் தெருவைத் தாண்டக் கூடாது."

"வேற ஆள் உக்காந்தா?"

"டொக்குன்னு ஆரம்பிச்சிடும்."

"கொஞ்சம் எடை மாறினா கூடவா?"

"ஒரு கிலோ மாறினா கூட. அச்சே முறிஞ்சாலும் முறியும்."

"அம்மாடி. பொல்லாத வண்டியா இருக்கே."

செருப்பு திரும்பிப் போனது. இத்தனை சுலபமாக நம்புகிறாளே என்று அவருக்கு அவள்மேல் இரக்கம்கூட வந்தது. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் வாசலுக்கு வந்தால் ஆட்டோ ஒன்று திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. ஜீப்புக்குப் பக்கத்தில் சமையலறை முக்காலி. முக்காலிக்கு மேலே, பின் சீட்டில், வீங்கிய காலை நீளவாக்கில் நீட்டி, இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் அத்தை.

"வாங்க மாப்ள. நான் அசையாம உக்காந்திருக்கேன். நீங்க கீழ போய் முடுக்குங்க."

"அத்தை, நீங்க எதுக்கு இந்தக் காலோட…"

"கூட்டாளிங்களுக்கு எதுக்குச் சிரமம்னு நான்தான் வரச் சொன்னேன்," என்றாள் வீட்டுக்காரி. ஸ்பேனரை அவர் கையில் வைத்தாள்.

சாவிக்காரர் சவம்போல அடியில் நுழைந்தார். நீட்டினார், அளந்தார், இறுக்கினார். மேலே அத்தை இருமினால் தூசி உதிர்ந்து கீழே இவருக்குத் தும்மல் வந்தது. முடித்து, தெருமுனைவரை ஓட்டிப் பார்த்தார். ஒரு சத்தம் இல்லை. மெக்கானிக் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

சாவிக் கடை வாசலில் காத்திருந்த கூட்டாளிகள் போனில் மூன்றாவது முறையாகக் கூப்பிட்டார்கள்.

"ரொம்ப உதவி அத்தை. கையைப் பிடிச்சுக்கறேன், மெதுவா இறங்குங்க."

"அம்மா இறங்கக் கூடாதுங்க," என்றாள் வீட்டுக்காரி. முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இல்லை. "அம்மா பாரத்துக்குல்ல முடுக்கியிருக்கீங்க? ஒரு கிலோ மாறினா அச்சு போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க. வண்டி ஓடுற வரைக்கும் அம்மா நம்மகூடத்தான்."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். சொன்னால், 'அப்போ நேத்து சொன்னது?' என்று ஒரு கேள்வி வரும். வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் வாயைப் பூட்டினார்.

"எங்கயோ மலைக்குன்னு சொன்னீங்களே, கிளம்பலாமா?" என்று அவள் முன் சீட்டில் ஏறினாள். "அம்மாவும் மலை பார்த்து வருஷக்கணக்காச்சு."

கூட்டாளிகளுக்கு உட்கார இடம் இல்லை. அவர்கள் அவரவர் வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள். ஜீப்பு மலை ஏறியது. எந்த வளைவிலும் துளி சாயவில்லை, எந்தப் பள்ளத்திலும் டொக்கென்று ஒரு சத்தம் இல்லை. அதனால் பின் சீட்டில் இருந்து வந்த குரல் ஒரு சொல் விடாமல் கேட்டது.

"மெதுவாப் போங்க மாப்ள."