நொண்டிப் புறாவும் தொட்டுப் பாராத வைத்தியரும்

பார்த்தவுடனே சொல்லிவிடுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. குழந்தை இருமினால், மாடு கழிந்தால், பெங்களூர் பஸ் மேட்டில் நின்றுபோனால், பத்தடி தள்ளி நின்று, இடுப்பில் கை வைத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, "இது ஒண்ணுமில்ல" என்று ஆரம்பிப்பார்கள். அந்த ஒன்றுமில்லாததற்கு அரைமணி நேரம் விளக்கம் வரும். கிட்டே மட்டும் போகமாட்டார்கள். கிட்டே போய்ப் பார்த்துச் சொல்வதில் என்ன பெருமை இருக்கிறது?

ஓசூரில் எங்கள் தெருவுக்குக் கிடைத்தவர் கோவிந்தப்பன். பர்மா யுத்தத்தில் பட்டாளத்துக் கோவேறு கழுதைகளோடு நான்கு வருஷம் இருந்தவர். கழுதைகளுக்குப் புல் அளந்து போட்டவர் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். யுத்தம் முடிந்த இந்த ஏழெட்டு வருஷத்தில் அந்தப் புல் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தாக மாறிவிட்டது. தமிழர்களிடம் தமிழில், ரெட்டியார் வீட்டில் தெலுங்கில், சந்தையில் கன்னடத்தில் வைத்தியம் சொல்வார். மூன்று பாஷையிலும் ஒரே தப்பைச் சொல்வார்.

இட்லிக் கடை நஞ்சம்மாவின் வெள்ளைப் புறா ஒரு திங்கட்கிழமை காலை நொண்டியது. இடது காலைத் தூக்கி வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, வலது காலில் தத்தித் தத்திப் போயிற்று. நொண்டுவதற்கு அது சரியான சமயம் இல்லை. கூட்டுக்காகக் கட்டித் தொங்கவிட்ட பானைக்குள் பத்து நாள் குஞ்சுகள் இரண்டு. ஆண்புறாவை முந்தின வாரம்தான் பூனை கொண்டுபோயிருந்தது. தாய்ப்புறா விழுந்தால் மூன்று உயிரும் போய்விடும் என்று நஞ்சம்மா பதறினாள். ஆள் விட்டு அழைக்காமலே கோவிந்தப்பன் வந்து சேர்ந்தார். வாசற்படியிலேயே நின்றார்.

"இது ஒண்ணுமில்ல. எலும்பு முறிஞ்சிருக்குது. வலது கால்."

"அண்ணா, தூக்கி வச்சிருக்கறது இடது காலாச்சே?" என்றாள் நஞ்சம்மா.

கோவிந்தப்பன் சிரித்தார். அறியாத ஜனங்களிடம் பெரியவர்கள் சிரிக்கிற சிரிப்பு.

"அங்கதான் எல்லாரும் ஏமாந்து போறது. உனக்குக் கை வலிச்சா என்னா பண்ணுவ? அழுத்திப் பிடிச்சுக்குவியா, மாட்டியா? அதேதான். எந்தக் கால ஊனி அழுத்திக்கிட்டிருக்குதோ அதுதான் கெட்ட கால். பட்டாளத்துல ஆயிரம் கால் பாத்தவன் சொல்றன்."

"ஒரு தடவ கையில எடுத்துப் பாத்துடுங்கண்ணா."

"எடுத்தா பயப்படும். பயந்தா நரம்பு இழுத்துக்கும்."

கூட்டத்தில் ஐந்தாறு பேர் இருந்தோம். ஒருவராவது மறுத்தோமா? நரம்பு என்ற வார்த்தை வந்ததுமே எங்களுக்கு மரியாதை வந்துவிட்டது. நான்தான் முதலில் தலையை ஆட்டினேன்.

கட்டுக்கு வேண்டிய சாமானும் அந்த வீட்டிலேயே இருந்தது. உளுத்தம்மாவு, முட்டையின் வெள்ளைக்கரு, கிழிந்த வேட்டித் துணி, நான்கு மூங்கில் சிம்பு. கோவிந்தப்பன் படியிலிருந்தபடி உத்தரவு போட, நஞ்சம்மா புறாவின் வலது காலை, அதற்கு மிச்சமிருந்த ஒரே நல்ல காலை, மாவு பூசிக் கட்டினாள். மத்தியானத்துக்குள் கட்டு கல்லாகக் காய்ந்தது. புறா ஒரு முறை எழுந்து நிற்கப் பார்த்தது. பக்கவாட்டில் விழுந்தது. பிறகு எழவே இல்லை.

"மருந்து வேல செய்யுது. ஓய்வு எடுக்குது பாரு" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார்.

புறாவால் பானைக்கு ஏற முடியவில்லை. நஞ்சம்மா கடலையை ஊறவைத்து, மசித்து, குஞ்சுகளின் வாயில் விரலால் திணித்துப் பார்த்தாள். ஒன்று விழுங்கியது. இன்னொன்று மறுநாள் காலையில் அசையவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வாசலில் உட்கார்ந்திருந்தபோது கோவிந்தப்பன் தெருவோடு போனார். நிற்கக்கூட இல்லை.

"சூடு" என்றார்.

அன்றைக்கு இட்லி வாங்க வந்தவள் செல்லி. பட்டுநூல் சுற்றும் கொட்டகையில் கூலி வேலை. தூக்குப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். புறாவை எடுத்து, இறக்கையை உள்ளங்கைக்குள் அடக்கி, மல்லாத்தி, வெளிச்சத்துக்குத் திரும்பி, இடது காலின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள்.

"அக்கா, இங்க பாருங்க. இந்த வெரலு கறுத்து வீங்கிக் கெடக்குது. அடியில முடி சுத்தியிருக்குது."

"முடியா?"

"உங்க முடிதாங்க்கா. தல வாரி முத்தத்துல போட்டிருப்பீங்க. கூட்டுக்குப் பொறுக்கியிருக்கும். இறுக்கிப் போச்சு."

நஞ்சம்மா தன் கொண்டையை ஒரு முறை தொட்டுப் பார்த்தாள். பிறகு வெந்நீர் கொண்டுவந்தாள். இளஞ்சூட்டில் காலை நனைத்து, வீக்கம் இளகியதும், செல்லி ஊசிமுனையால் முடியை நெம்பி, இழை இழையாக அறுத்தாள். சிக்கெடுத்துப் பழகிய விரல்கள். மஞ்சளும் எண்ணெயும் தடவினாள். வலது கால் கட்டையும் நனைத்து உரித்துப் போட்டாள். வியாழக்கிழமை புறா இரண்டு காலையும் ஊன்றி நின்றது. கறுத்த விரலின் நுனி மட்டும் சில நாளில் காய்ந்து விழுந்துவிட்டது. மிச்சமிருந்த குஞ்சு பிழைத்துக்கொண்டது.

"நூல் சுத்தறவளுக்குப் புறாவப் பத்தி என்னா தெரியும்?" என்று செல்லி முடி அறுத்த அன்று கேட்ட கோவிந்தப்பன், புறா நடந்ததைப் பார்த்ததும் அசரவில்லை.

"நான் நரம்புன்னு சொன்னனா, இல்லையா? முடியும் நரம்பும் பாக்கறதுக்கு ஒண்ணுதானே!"

அடுத்த வாரம் கெலவரப்பள்ளியிலிருந்து ஒருவர் நொண்டி ஆட்டைத் தோளில் சுமந்துகொண்டு எங்கள் தெருவுக்கு வந்தார். செல்லி வீடு எது என்று கேட்டாரா? கோவிந்தப்பன் வீடு எது என்று கேட்டார். நான்தான் கை நீட்டிக் காட்டினேன்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, நான் நம்புகிறேன். ஆனாலும் ஒரு சந்தேகம். புறா இடது காலைத் தூக்கியது என்று படித்ததுமே, "சுளுக்காக இருக்கும்" என்றோ, "முள் குத்தியிருக்கும்" என்றோ உங்கள் மனசு முடிவு கட்டிவிட்டதே, அப்போது புறா உங்கள் கையிலா இருந்தது?