தேயிலைப் பெட்டியும் என் பத்துச் சாதனங்களும்

முதல் குழந்தை பிறந்த மூன்றாவது மாதத்தில் தாய்மார்களுக்கு ஒரு வியாதி வரும். எந்த டாக்டரும் இதற்கு மருந்து எழுதித் தருவதில்லை. உலகத்தில் நம்மைத் தவிர வேறு யாருமே பிள்ளை பெற்றதில்லை என்று தோன்றும். கண்ணில் படுகிறவர்களுக்கெல்லாம் யோசனை சொல்ல வாய் துறுதுறுக்கும். பலருக்கு இது வீட்டோடு போய்விடும். எனக்கு முற்றிப்போய் மேடை வரைக்கும் ஏற்றிவிட்டது.

அறுபதுகளின் தொடக்கம். விழுப்புரத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். என் கணவர் ரயில் எஞ்சின் ஷெட்டில் ஃபிட்டர். எங்கள் மகள் செல்விக்கு நாலு மாதம். பிரசவ லீவு முடியப் பத்து நாள் இருக்கும்போது பள்ளிக்கூடத் தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார்.

"டீச்சர், கைக்குழந்தைய வெச்சிக்கினு எப்படிப் பாடம் நடத்துவீங்க? வீட்டுல பாத்துக்க பெரியவங்களும் இல்லேங்கறீங்க. பேசாம வேலைய விட்டுடுங்க. பொண்ணு பெரிசானதும் பாக்கலாம்."

பெரிசானதும் என்றால் எப்போது? (அவள் கல்யாணத்துக்கு அப்புறமா?) எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவர் சொன்னது சரி என்றாகிவிடும். அதனால் அழுவதற்குப் பதில் பொய் சொன்னேன்.

"ஐயா, இப்பல்லாம் குழந்தை வளர்க்க எத்தனையோ நவீன சாதனங்கள் வந்தாச்சு. அதெல்லாம் எங்கிட்ட இருக்கு. குழந்தை இருக்கறதே தெரியாதுங்க."

தாளாளருக்குச் சொந்த ஊர் திண்டிவனம். அவர் மனைவி அங்கே மாதர் சங்கத் தலைவி. நான் சொன்னதைக் கேட்டுத் தாளாளர் முகம் மலர்ந்தது. அதுதான் என் கெட்ட காலம்.

"அப்படியா! எங்க வீட்டம்மா வர்ற சனிக்கிழமை சங்கக் கூட்டத்துல பேச ஆள் தேடிக்கினு இருக்காங்க. நீங்க குழந்தையோட வந்து இதையே பேசுங்க. நானும் கேக்கறேன். கேட்டுட்டு வேலை விஷயத்த முடிவு பண்ணிக்கலாம்."

வீட்டுக்கு வந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் "குழந்தை வளர்ப்பில் பயன்தரும் பத்துச் சாதனங்கள்" என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். பால் புட்டி, ரப்பர் ஷீட், குடை போல விரியும் கொசுவலை, தள்ளுவண்டி என்று பட்டியல் ஓடியது. அந்தப் பத்தில் எங்கள் வீட்டில் நிஜமாக இருந்தவை இரண்டுதான்: ஊக்கு, கிலுகிலுப்பை. மிச்ச எட்டையும் ரயில்வே காலனியில் வீடு வீடாகப் போய் இரவல் வாங்கினேன். தள்ளுவண்டி, ஓர் ஆங்கிலோ இந்திய டிரைவர் வீட்டில் கிடைத்தது. பெரிய சக்கரம், மடக்கும் கூரை, உட்கார்ந்தால் துள்ளும் ஸ்பிரிங் எல்லாம் வைத்த சீமை வண்டி. அதைத் தள்ளிக்கொண்டு தெருவில் வந்தபோது என் நடையே மாறிவிட்டது.

செல்வி உண்மையில் எதில் வளர்ந்தாள் என்பதை நோட்டில் எழுதவில்லை. அது ஒரு தேயிலைப் பெட்டி. என் கணவர் ஒரு டீக்கடையில் அதை வாங்கிவந்து, பாதி உயரத்துக்கு அறுத்து, விளிம்பு குத்தாமல் துணி சுற்றி, அடியில் லாரிப் பட்டறையில் கழித்துப்போட்ட நாலு பேரிங்கைச் சக்கரமாக மாட்டி, முன்னால் ஒரு கயிறு கட்டியிருந்தார். இழுத்தால் கடகடவென்று கூட்ஸ் வண்டி மாதிரி சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டால்தான் செல்வி தூங்குவாள். (அவள் மேல் எப்போதும் லேசாக டீத்தூள் வாசம் அடிக்கும். யாராவது கேட்டால் புது மாதிரி பவுடர் என்று சொல்லிவிடுவேன்.)

"பொட்டிய எட்த்துக்கினு போம்மா. அந்தச் சீமை வண்டியில பாப்பா இருக்காது," என்றார் கணவர்.

"மாதர் சங்கத்துக்கு டீப்பெட்டியா? என் மானம் போகணுமா?"

"மானம் போறது இருக்கட்டும். பாப்பா கத்துமே, அதுக்கு இன்னா பண்ணுவே?"

"எங்களுக்குத் தெரியும்," என்றேன். 'எங்களுக்கு' என்றால் எனக்கும் நோட்டுக்கும்.

சனிக்கிழமை காலை பாசஞ்சரில், ஒரு குழந்தை, ஒரு தள்ளுவண்டி, இரண்டு மூட்டைச் சாதனங்களோடு திண்டிவனம் போய்ச் சேர்ந்தேன். கூட்டம் ஒரு பள்ளிக்கூட ஹாலில். முன் வரிசையில் பட்டுப்புடவைகள். அவர்களுக்குப் பின்னால் பக்கத்து மண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரிக்கும் பெண்கள், சாப்பாட்டு நேரத்தில் வந்து தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஹால் நிறைய வேண்டும் என்று தலைவி அம்மாவே கூப்பிட்டிருந்தார். பலர் இடுப்பில் குழந்தை. மேடையில் நான், தலைவி அம்மா, தாளாளர். தாளாளர் முன்னால் மேசைமேல் அவர் எழுதிவந்த தலைமை உரை.

"அன்பார்ந்த தாய்மார்களே! குழந்தை வளர்ப்பு என்பது ஒரு விஞ்ஞானம்," என்று ஆரம்பித்தேன்.

முதல் சாதனம் பால் புட்டி. படகு மாதிரி வளைந்து, இரண்டு பக்கமும் ரப்பர் வைத்தது. செல்வி வாயில் ஒரு முனையை வைத்தேன். அவள் அதுவரை புட்டியைப் பார்த்ததே இல்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். சிரித்தபடி கொஞ்சம் அழுத்தினேன். மறுமுனை ரப்பர் 'டப்' என்று கழன்று தலைவி அம்மாவின் மடியில் விழுந்தது. பின்னாலேயே பாலும் போய்ச் சேர்ந்தது.

"பரவால்ல, பரவால்ல," என்றார் அவர். பட்டுப்புடவையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

இரண்டாவது, ரப்பர் ஷீட். "இதில் ஒரு சொட்டுகூடக் கீழே இறங்காது," என்று சொல்லி மேசைமேல் விரித்துச் செல்வியைப் படுக்க வைத்தேன். என் மகள் அன்று எனக்கு ஒத்துழைத்த ஒரே கட்டம் அதுதான். உடனே நிரூபித்துக் காட்டினாள். நான் சொன்னபடி ஒரு சொட்டும் கீழே இறங்கவில்லை. மொத்தமும் பக்கவாட்டில் ஓடித் தலைமை உரையின் மேல் தேங்கியது. தாளாளர் காகிதத்தை ஒரு மூலையில் பிடித்துத் தூக்கினார். மசி நீலமாகச் சொட்டியது. தரையில் இருந்தவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

புத்தியுள்ளவள் அங்கேயே நிறுத்தியிருப்பாள். நான் கொசுவலையை எடுத்தேன். "இந்தப் பித்தானை அழுத்தினால் போதும்." அழுத்தினேன். வலை என் கையிலிருந்து துள்ளி, அந்தரத்தில் விரிந்து, தலைவி அம்மாவின் மேல் கவிழ்ந்தது. கொண்டைப் பூவோடு அவர் உள்ளே இருந்தார். கம்பியைத் தூக்கினால் கொண்டையும் சேர்ந்து வந்தது.

தரையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "அம்மாவ இனிமே கொசு கடிக்காது!"

சொன்னவள் பெயர் கன்னியம்மா என்று பிறகு தெரிந்தது. தோளில் ஒரு குழந்தை தூங்க, சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஹால் மொத்தமும் சிரித்தது. செல்வி அந்தச் சிரிப்பில் மிரண்டு வீறிட்டாள்.

இனி என் நம்பிக்கையெல்லாம் சீமை வண்டிதான். மேடையிலிருந்து இறங்கி, செல்வியை அதில் கிடத்தி நடுவழியில் தள்ளிக்கொண்டு போனேன். "இதோ பாருங்கள், குழந்தை இருப்பதே தெரியாது," என்று நோட்டில் இருந்ததைப் படித்தேன். வேறு எந்தச் சத்தமும் கேட்காத அளவுக்கு அவள் கத்திக்கொண்டிருந்தாள். நாலு அடி போயிருப்பேன். முன் சக்கரம் ஒன்று கழன்று, மரியாதையாகத் தனியே உருண்டு, வாசல் பக்கம் போனது. வண்டி சாய்ந்தது. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கல்லாய் நின்றேன். கன்னியம்மா எழுந்ததைப் பார்க்கவில்லை. பார்த்தபோது அவளுடைய ஒரு தோளில் அவள் பிள்ளை, இன்னொரு தோளில் என் பிள்ளை.

"ஒண்ணும் ஆவல டீச்சரம்மா, பயப்படாத," என்றாள்.

சாதனம், சங்கம், வேலை எல்லாம் மறந்து குழந்தையை வாங்கி அணைத்துக்கொண்டேன். அவள் அழுகை நிற்கவில்லை. தாளாளர் எழுந்து வந்து, பிறருக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"போதும் டீச்சர். நான் சொன்னதுதான் சரி. நீங்க வீட்டுலயே இருங்க."

நான் செல்வியின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் வெளியே கல் தரையில் அந்தச் சத்தம் கேட்டது. கடகட கடகட.

வாசலில் என் கணவர். ஷெட்டில் ஷிஃப்ட் முடிந்த கையோடு, காக்கிச் சட்டை, முழங்கை வரை கிரீஸ் எல்லாவற்றோடும் மண்டிக்கு வந்த லாரியில் ஏறி வந்திருந்தார். ஒரு கையில் கயிறு, கயிற்றின் முனையில் தேயிலைப் பெட்டி. இன்னொரு கையில் கழன்று ஓடிய சக்கரம்.

"இது யாருதுங்க?" என்று சபையைக் கேட்டார்.

பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று நினைத்தேன். ஆனால் செல்வி அழுகையை நிறுத்தியிருந்தாள். கண்ணீர் நிற்கும் கண்ணோடு சத்தம் வந்த திசையில் தலையைத் திருப்பிப் பார்த்தாள். அவர் நேராக வந்து குழந்தையை வாங்கிப் பெட்டியில் விட்டார். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மூன்று தடவை இழுத்தார். மூன்றாவது தடவை திரும்பும்போது அவள் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

கன்னியம்மாதான் முதலில் கிட்டே வந்தாள். குனிந்து பெட்டியின் அடியைப் பார்த்தாள், பேரிங்கைச் சுற்றிப் பார்த்தாள், கயிற்றை இழுத்துப் பார்த்தாள்.

"ஏன் டீச்சரம்மா, இம்மா நேரம் இத்த எங்க ஒளிச்சி வெச்சிருந்த? நாங்க கொட்ட உரிக்கசொல்ல கயித்தக் கால்ல கட்டிக்கினா, கை சும்மாதான இருக்கும்? ரெண்டு வேலையும் ஆவுமே!"

"ஆமாம்," என்றேன். "நான் அப்படித்தான் செய்யறேன்."

அன்று நான் சொன்ன முதல் உண்மை அது. சொன்னதும் வாய் திறந்துகொண்டது. நோட்டை மூடி வைத்துவிட்டு, மேடை ஏறாமல், அவர்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து பேசினேன். கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு தோசை வார்ப்பது எப்படி, எறும்பு ஏறாமல் இரவில் பேரிங்குக்குக் கீழே தண்ணீர்த் தட்டு வைப்பது எப்படி, பெட்டியில் பழைய புடவையை எத்தனை மடிப்பாகப் போட வேண்டும், குழந்தை குப்புற விழ ஆரம்பித்ததும் பக்கப் பலகையை ஏன் உயர்த்த வேண்டும். பட்டுப்புடவைகளும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தன. ஒருத்தி நடுவில் புகுந்து கேட்டாள்.

"இரட்டைப் பிள்ளைன்னா?"

"பெரிய பொட்டி," என்றார் என் கணவர். அதற்குப் பலத்த கைதட்டல். மனிதர் அதுவரை எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை.

கொசுவலையிலிருந்து மீண்டிருந்த தலைவி அம்மா, கொண்டையைச் சரிசெய்துகொண்டே தம் கணவரிடம் திரும்பினார்.

"ஏங்க, இந்தப் பொட்டி டீச்சர் மேசைக்குப் பக்கத்துல இருந்துட்டுப் போனா உங்க பள்ளிக்கூடம் இடிஞ்சா விழுந்துடும்?"

தாளாளர் நனைந்த உரையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"இடியாது," என்றார்.

"அப்ப திங்கக்கிழமை டீச்சர் வேலைக்கு வரலாமா?"

"வரட்டும்."

ஹால் ஆரவாரித்தது. கன்னியம்மா விசில் அடித்தாள். (பெண்கள் விசில் அடித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.) ஊருக்குத் திரும்பும்போது பாசஞ்சரில் நானும் என் கணவரும் ராஜா ராணி மாதிரி உட்கார்ந்திருந்தோம். காலடியில் பெட்டி, பெட்டிக்குள் செல்வி. அவர் ஒரு தடவைகூட 'நான் அப்பவே சொல்லல?' என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அன்றைக்கு மன்னித்திருப்பேன்.

தள்ளுவண்டியைச் சக்கரம் பூட்டித் திருப்பிக் கொடுக்கப் போனேன். டிரைவர் வீட்டம்மா அதிர்ந்துபோனார்.

"குழந்தையையா உள்ள போட்டீங்க? மை காட்! நாங்க அதுல விறகு ஏத்துறோம்மா!"

திங்கட்கிழமை மூன்றாம் வகுப்பில், வலது கால் கட்டைவிரலில் கயிற்றோடு ஏழாம் வாய்ப்பாடு நடத்தினேன். அந்த வருஷம் என் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் கடகடவென்ற தாளத்தோடு வாய்ப்பாடு ஒப்பித்தார்கள். சோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டர் இது என்ன புது முறை என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

திண்டிவனத்திலோ, அந்த மாதமே டீக்கடைகளில் காலிப் பெட்டிக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டதாகக் கேள்வி. ஒரு தச்சர் அதையே தொழிலாகச் செய்ய ஆரம்பித்தாராம்.

ஐந்தாறு வருஷம் கழித்து ஒரு வேலையாகத் திண்டிவனம் போயிருந்தோம். மண்டித் தெருவில் நடந்துகொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத ஒரு பெண் வாசலில் நின்று, வீட்டுக்குள் பார்த்து உரக்கக் கத்தினாள்.

"ஏய், அந்த டீச்சரம்மாவ ஜல்தி இழுத்துக்கினு வாடி! கொழந்தயப் போடணும்!"

நான் பயந்து என் கணவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். உள்ளேயிருந்து கடகடவென்று வந்தது ஒரு பெட்டி. முதலில் அதற்கு 'டீச்சரம்மா பொட்டி' என்று பெயராம். வாயில் தேய்ந்து பெட்டி உதிர்ந்து, டீச்சரம்மா மட்டும் மிஞ்சியிருக்கிறாள்.

என் கணவருக்கு அது போதும். அன்று முதல் இன்று வரை எங்கள் சொந்தத்தில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும், அவர் கடிதத்தில் எழுதுவது ஒரே கேள்விதான்: "தாயும் சேயும் நலமா? டீச்சரம்மாவை நான் இழுத்துக்கொண்டு வரட்டுமா, அல்லது அவளே நடந்து வரட்டுமா?"