எழுபத்திரண்டு கேள்விகளும் ஒரு கால்விரலும்

மனிதனை முழுதாகப் பார்க்க வேண்டும் என்ற பேருண்மை டோங்காவின் வடக்கே எங்கள் தீவு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது போன மார்ச்சில்தான். அதுவரை நோயாளிகள் காலாகவும் கண்ணாகவும் சிறுநீரகமாகவும் தனித்தனியே வந்துபோனார்கள். தலைநகரின் ‘முழுமனிதப் பராமரிப்புக் குழு’ அவர்களை ஒன்றுசேர்த்தது, எழுபத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவத்தால்.

நர்ஸ் மெலெனைட் அந்தப் படிவத்தோடு நோயாளி சியோசாயாவின் எதிரே உட்கார்ந்தாள். அவருக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை நோய். நாலு மாதமாகக் காலில் ஆறாத புண். ஒரு விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“முப்பத்தொண்ணாவது கேள்விண்ணே. உங்க மன அமைதிக்குப் பத்துக்கு எத்தனை?”

“போன வாரம் ஏழு போட்டியே, சிஸ்டர்.”

“இந்த வாரம் எப்படி?”

“ஏழரை போட்டுக்கோ.”

மெலெனைட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேனாவை மூடினாள். குழுவின் வரலாற்றில் முதல் ஒழுங்கீனம் அது.

“அதை விடுங்க. இன்சுலின் ஒழுங்காப் போடறீங்களா?”

ஒரு காலத்தில் ரக்பி மைதானத்தில் எட்டுப் பேரை முட்டித் தள்ளிய மனிதர், தரையைப் பார்த்தார்.

“வீட்டுக்காரிதான் போடுவா. அவ செத்துப்போயி நாலு மாசமாச்சு. எனக்கு... ஊசின்னா பயம்.”

“யார்கிட்டயும் சொல்லலையா?”

“யார் கேட்டா? மன அமைதியத்தானே கேக்கறீங்க!”

மெலெனைட்டுக்குச் சுருக்கென்றது. “நாளைலேருந்து காலையில எங்க வீட்டுக்கு வாங்க. நான் போடறேன்.”

“வலிச்சா கத்துவேன்.”

“கத்துங்க. தேவாலயப் பாட்டுக்குப் பயிற்சின்னு அக்கம்பக்கத்துல நினைச்சுக்குவாங்க.”

கத்தினார். இரண்டு வாரம் தெருவே கேட்டது. மூன்றாம் வாரம் கண்ணை இறுக மூடிக்கொண்டு தானே குத்திக்கொண்டார். மனைவி எப்படி ஏமாற்றிக் குத்துவாள் என்று சொல்லிச் சிரித்தார், அழுதார், மறுபடி சிரித்தார். ஆகஸ்டில் புண் ஆறியது. விரல் தப்பியது.

குழு விமானமேறி வந்து வியந்தது. படிவத்துக்குப் பாராட்டுப் பத்திரம் வழங்கிச் சுவரில் மாட்டியது. ‘நோயாளியோடு படிவத்துக்குப் புறம்பாகப் பதினெட்டு நிமிடம் உரையாடியது ஏன்?’ என்று மெலெனைட்டிடம் விளக்கம் கேட்டது.

“எழுபத்திரண்டு கேள்வியிலயும் அவரைக் காணோம். தேடிட்டிருந்தேன்” என்றாள்.

குழு பெருந்தன்மையானது. அவளைத் தண்டிக்கவில்லை. குறையை உணர்ந்து, எழுபத்துமூன்றாவது கேள்வியைச் சேர்த்தது:

‘படிவத்துக்கு வெளியே உங்களிடம் யாராவது அன்பாகப் பேசினார்களா? ஆம் எனில், அவர் பெயர், பணி எண்.’